தம்பி பிறந்ததும் மூத்தவளை ஆயா வீட்டுக்கு அனுப்பலாமா?

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மனைவி பிரசவத்துக்காகப் பாலக்கோடு பக்கம் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் இரண்டாவது குழந்தை, பையன், பிறந்திருக்கிறான். மூத்தவளுக்கு இரண்டே கால் வயது. தம்பி வந்ததிலிருந்து அவள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள், எப்போதோ மறந்த தாய்ப்பாலைக் கேட்கிறாள், போன வாரம் தம்பியின் கையைக் கடித்துவிட்டாள். "இது பொறாமை. கொஞ்ச நாள் இவளைக் காவேரிப்பட்டணத்து ஆயா வீட்டில் விட்டுடுங்க, பையனுக்குத் தலை நின்ன பிறகு கூட்டிக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லை பொறாமையைப் போக்க வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

பொறாமை என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். பச்சைக் குழந்தைக்கு அடி படாமல், பெரியவள் மனசும் நோகாமல், ஓசூர் திரும்பும்வரை இந்த மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. முடிந்தவரை அனுப்பாதீர்கள் என்பதுதான் என் பதில். அவளுக்குத் தம்பிமேல் கோபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவளோ அம்மாவைத் தொலைத்துவிட்டோமோ என்று பயந்துபோய் இருக்கிறாள். அந்தப் பயத்தில் இருக்கிற பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து வேறு ஊரில் விட்டால், அவள் பயந்தது சரிதான் என்று நாமே நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாயைப் பார்க்கப் போவது எங்கள் வேலையில் முக்கியமான பங்கு. தாயின் தையல், ரத்தப்போக்கு, குழந்தையின் எடை, தொப்புள், பால் குடிப்பது எல்லாம் பார்ப்போம். பதிவேட்டில் எழுத இடமே இல்லாத ஒரு ஆளும் அந்த வீட்டில் இருக்கும். கதவோரம் விரல் சப்பிக்கொண்டு நிற்கும் மூத்த பிள்ளை. நான் மனநல மருத்துவர் இல்லை, உங்கள் மகளை நேரில் பார்க்கவும் இல்லை. வீடு வீடாகப் பார்த்ததிலிருந்தும் பயிற்சியில் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். எது உறுதி, எது என் அனுபவத்தில் தோன்றுவது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அம்மா ஒரு நாள் ராத்திரி வலி வந்து வண்டி ஏறிப் போனாள். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாள், ஆபரேஷன் என்றால் அதற்கும் மேல், அவள் வரவில்லை. உங்கள் மகளின் வாழ்க்கையில் அம்மா இல்லாமல் இருந்த நீளமான நாட்கள் அநேகமாக அவைதான். திரும்பி வந்த அம்மா சோர்ந்து படுத்திருக்கிறாள், கையில் வேறு ஒரு குழந்தை. ஓசூர் வீடும் இல்லை, அப்பாவும் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்தவளை இப்போது அம்மாயி பக்கத்தில் போட்டிருப்பார்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் மடி அவளுக்கு இல்லை என்று ஆகிறது. இரண்டே கால் வயதில் இதைச் சொல்ல அவளிடம் வார்த்தை கிடையாது. அதனால்தான் மூத்திரம் போகிறாள், பால் கேட்கிறாள், கடிக்கிறாள்.

கற்றுக்கொண்டதை விட்டுவிட்டுக் கைக்குழந்தை மாதிரி நடந்துகொள்வது இந்த வயதில் சகஜம். இது உறுதி. வேண்டுமென்றே செய்வதில்லை, பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே சரியாகும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வோலிங் என்பவர் தலைமையில் 241 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பிருந்து அதற்கு ஒரு வயது ஆகும்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான மூத்த பிள்ளைகளிடம் பெரிய சிக்கல் எதுவும் தெரியவில்லை, நன்றாகவே பழகிக்கொண்டார்கள். அங்கே வீடு என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும். நம் ஊரில் அம்மாயி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் தூக்கிக்கொள்ள இருக்கிறார்கள். அது பலம்தான். ஆனால் அதே நாலு பேரின் வாய்தான் பல வீடுகளில் காரியத்தைக் கெடுக்கிறது என்பது நான் பார்த்தது.

வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே மாதிரி விளையாடுவார்கள். "இனிமே உன்னை யாரும் கொஞ்ச மாட்டாங்க." "உன்னைத் தவுட்டுக்குதான் வாங்கினோம், இவன்தான் அம்மா பெத்த பிள்ளை." "தம்பியை நாங்க எடுத்துட்டுப் போறோம், குடுத்துடறியா?" யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேலியும் உண்மையும் வேறு வேறு என்று தெரியாது. தம்பியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் நம்மையும் யாராவது தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். மாமியார் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். "நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்று எங்கள் தலையில் போட்டுவிடுங்கள். நான் போகும் வீடுகளில் நானே சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மூத்தவள் பெண், இளையவன் ஆண். உங்கள் வீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பெண் குழந்தையைக் காப்பாற்ற அரசாங்கமே தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. இப்போது அந்த நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் "இந்தத் தடவையாவது பையனா பொறந்துதே" என்ற பேச்சு வீட்டு வாசலில் இன்னும் கேட்கிறது. அவளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும், யாரைப் பார்த்து முகம் மலர்கிறது என்பது நன்றாகப் புரியும். அவள் முன்னால் அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு முதல்ல வந்தது இவதான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். இதை அப்பா சொன்னால்தான் எடுபடும்.

கடிப்பதை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். இதில் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விதி உண்டு. பெரியவளையும் சின்னவனையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. அவளைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பாசமாக இருக்கும் பிள்ளைகூட முறுக்குத் துண்டையோ வேர்க்கடலையையோ தம்பி வாயில் வைக்கும், முகத்தில் போர்வையை இழுத்து மூடும். சேலைத் தூளி கட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டிவிடுகிறேன் என்று வேகமாக இழுத்துவிடுவாள், இல்லையென்றால் தானும் ஏறப் பார்ப்பாள். தூளியைத் தாழ்வாகக் கட்டுங்கள், கீழே மெத்தையோ கனமான ஜமக்காளமோ இருக்கட்டும், கண் பார்வையில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

கடிக்கப் போகும்போது கத்தாமல் இடையில் கையைக் கொடுத்துத் தடுத்து, "கடிக்க விட மாட்டேன், தம்பிக்கு வலிக்கும்" என்று சொன்னால் போதும். அப்புறம் அவளையும் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் மிளகாய் வைப்பது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது எல்லாம் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. அடி வாங்கிய பிள்ளை, யாரும் பார்க்காத நேரத்தில் கடிக்கக் கற்றுக்கொள்ளும். அது இன்னும் ஆபத்து. கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று வாரக் குழந்தைக்கு நோய்க்கிருமியைத் தாங்கும் சக்தி குறைவு. இதே காரணத்துக்காக, பெரியவளுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் சில நாள் தம்பி முகத்துக்குப் பக்கத்தில் போகாமல், கால் பக்கமாகத் தொட்டுக் கொஞ்சப் பழக்குங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டாலே தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) ஊக்கத் தவணையும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் பெரியவளுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். பிரசவ நேரத்து அலைச்சலில் விட்டுப்போகும் ஊசிகள் இவைதான். கக்குவான் இருமல் பெரிய பிள்ளைக்கு வந்தால் இருமலோடு போய்விடலாம், கைக்குழந்தைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து.

பால் கேட்கிறாளே என்றால், கொடுக்கட்டும். பல பிள்ளைகள் வாய் வைத்துப் பார்த்து, எப்படி உறிஞ்சுவது என்றே மறந்துபோய், சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவளுக்கு வேண்டியது பால் இல்லை, "உனக்கும் இங்கே இடம் உண்டு" என்ற அனுமதி. மறக்காமல் குடிக்கிற பிள்ளையாக இருந்தாலும் தவறில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தம்பி முதலில் குடிக்கட்டும், அப்புறம் இவள். அம்மாவுக்கு விருப்பமில்லை என்றால் "இப்ப பால் வேண்டாம், மடியில படுத்துக்க" என்று அணைத்துக்கொள்ளலாம். வேப்பிலையை அரைத்துத் தடவி மறக்கவைப்பது இந்த நேரத்தில் வேண்டாம். அம்மாவின் மார்பு கசக்கிறது என்று இந்த வாரம் அவள் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த விஷயம் சாப்பாடு. அடுத்த குழந்தை வந்ததும் மூத்தது இளைப்பதைப் பார்த்து நம் ஆயாக்கள் "சவலை பாய்ஞ்சிடுச்சு" என்பார்கள். ஏக்கத்தால் வந்தது என்று சொல்வார்கள். ஏக்கமும் உண்டு, ஆனால் பாதிக் காரணம் வெறும் பசி. வீட்டில் எல்லோரும் தாய்க்குப் பத்தியம் சமைப்பதில் இருக்கும்போது, இவளுக்குப் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து ஓட்டிவிடுகிறார்கள். முட்டை, பருப்பு, பயறு, ராகிக் கூழ் அல்லது களி, இளகக் கடைந்த கீரை இவை தினமும் அவள் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அங்கன்வாடியில் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். சத்துமாவும் கிடைக்கும்.

இனி அம்மா செய்ய வேண்டியது. பெரிதாக எதுவும் வேண்டாம், ஆபரேஷனாக இருந்தால் முடியவும் முடியாது. ஆறு வாரத்துக்கு மூத்தவள் எடையை அம்மா தூக்கக் கூடாது. "தம்பி இருக்கான், தூக்க முடியாது" என்று மட்டும் சொல்ல வேண்டாம். "அம்மா வயித்துல புண்ணு, நான் உட்கார்ந்துக்கறேன், நீ ஏறி வா" என்று சொல்லட்டும். முடியாது என்பதற்கெல்லாம் தம்பியைக் காரணம் காட்டினால், அவள் கணக்கில் அத்தனையும் தம்பி பெயரில்தான் சேரும். பால் கொடுக்கும்போது சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்து, மறுபக்கம் அவளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு துணிப்பையில் நாலைந்து சாமான் போட்டு, பால் கொடுக்கும்போது மட்டும் அதை எடுத்துக் கொடுங்கள். நூல் கட்டை, பழைய வளையல், படப் புத்தகம், கிண்ணம், ஸ்பூன், எதுவாக இருந்தாலும் சரி. வாயில் போகும் அளவுக்குச் சின்னதாக மட்டும் இருக்கக் கூடாது. பால் நேரம் என்றால் பை வரும் என்று பழகிவிட்டால், அந்த நேரத்தை அவளே எதிர்பார்க்க ஆரம்பிப்பாள்.

தினமும் ஒரே நேரத்தில், பதினைந்து நிமிஷமாவது, தம்பி அம்மாயி கையில் இருக்க, அம்மா அவளோடு மட்டும் இருக்கட்டும். எண்ணெய் வைத்துத் தலை வாரலாம், களியை உருட்டி ஊட்டலாம், சும்மா பக்கத்தில் படுத்துக் கதை சொல்லலாம். சில வீடுகளில் பதினோரு நாள், முப்பது நாள் என்று தீட்டுப் பார்த்துப் பிள்ளையை அம்மாவிடம் அண்டவிடுவதில்லை. பெரியவர்களோடு சண்டை வேண்டாம். கை கால் கழுவிவிட்டு அம்மாவிடம் போகட்டும், வேண்டுமானால் அப்புறம் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சின்ன வழி, நான் போகிற வீடுகளில் எல்லாம் சொல்வது. அவள் காதில் விழும்படி தம்பியிடம், "கொஞ்சம் பொறு சாமி, அக்காவுக்குத் தண்ணி குடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். எப்போதும் காத்திருக்க வேண்டியது அவள் மட்டும்தான் என்ற எண்ணம் இதில் உடைந்துபோகும்.

தம்பியைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இருவர் 40 குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து ஆராய்ந்தார்கள். பிறந்த குழந்தைக்கும் பசி, பயம், ஆசை உண்டு என்று ஆரம்ப வாரங்களிலேயே மூத்த பிள்ளையிடம் பேசிய வீடுகளில், ஒரு வருடம் கழித்துப் பிள்ளைகளுக்குள் ஒட்டுதல் அதிகம் இருந்தது. "தம்பி அழறான் பாரு, பசிக்குதா, தூக்கம் வருதா, நீ சொல்லு?" என்று கேட்பது அந்த வகை. இந்தப் பேச்சினால்தான் ஒட்டுதல் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பேசுகிற வீடுகள் மற்ற விஷயங்களிலும் இதமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் செய்து பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. "தம்பி உனக்கு வாங்கிட்டு வந்தான்" என்று பொம்மை கொடுப்பதும் அப்படித்தான். பலன் இருக்கிறது என்று யாரும் நிரூபித்ததில்லை, கொடுத்தால் சந்தோஷப்படுவாள், அவ்வளவுதான். தம்பிக்குத் துணி எடுத்துவரும் உறவினர்கள் அவளுக்கும் ஒரு ரிப்பனோ பழமோ கொண்டுவந்து, முதலில் அவளிடம் பேசினால் அதைவிட நல்லது. "தம்பியைப் பிடிக்குமா?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். பிடிக்காமல் இருக்கவும் அவளுக்கு இப்போது உரிமை உண்டு.

நீங்கள் வாரம் ஒரு நாள் வருகிறீர்கள். வாசலில் நுழைந்ததும் உங்கள் கால் தொட்டில் பக்கம் போகும், அது இயற்கை. ஆனால் முதலில் அவளிடம் போங்கள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தக்காளி மண்டி வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள், லாரி காட்டுங்கள். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து தம்பியைப் பாருங்கள். ராத்திரி வீடியோ காலில் "பையனைக் காட்டு" என்று ஆரம்பிக்காமல் முதலில் அவளோடு பேசுங்கள். இந்த மூன்று மாதம் ஷிப்ட் மாற்றியோ விடுப்புச் சேர்த்தோ கூட ஒரு நாள் வர முடிந்தால், இங்கே எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட அது உதவும் என்பது என் அனுபவத்தில் பட்டது.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் வேறு கை இல்லை என்று அனுப்பியே ஆக வேண்டிய நிலை சில வீடுகளில் வரும். அப்படி என்றால் அவளுக்கு நன்றாகப் பழகிய ஆயாவிடம், இரண்டு மூன்று நாளைக்கு மேல் போகாமல், சொல்லிவிட்டே அனுப்புங்கள். தூங்கும்போது தூக்கிக்கொண்டு போவதோ, கடைக்கு என்று பொய் சொல்லி விட்டுவருவதோ கூடவே கூடாது. அவளுடைய போர்வையும் அம்மாவின் ஒரு பழைய சேலையும் கூடப் போகட்டும்.

காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டிய சமயங்களும் உண்டு. சிறுநீர் போகும்போது அழுகிறாள், காய்ச்சல் இருக்கிறது என்றால் அது ஏக்கம் இல்லை, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, எடை குறைகிறது, இரண்டு மூன்று மாதம் ஆகியும் மூர்க்கம் கூடிக்கொண்டே போகிறது என்றால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். உங்கள் மனைவியையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவத்தில் குணமாகும். அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் மனநல உதவி எண் 14416-லும் இலவசமாகப் பேசலாம். பெரியவளின் அடத்துக்குப் பின்னால் அம்மாவின் வாடிய முகம் காரணமாக இருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் ஓசூருக்குத் திரும்பும்போது இதெல்லாம் ஒரு தடவை மறுபடி தலைகாட்டும், பதற வேண்டாம். கிளம்பும் நாளை ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். வண்டியில் அவள் உங்கள் மடியில் வரட்டும். அங்கன்வாடியிலோ ப்ளே ஸ்கூலிலோ சேர்ப்பதாக இருந்தால் அந்த மாதத்தில் வேண்டாம், வீடு பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.